மணலில் நிற்கும் வண்டி

யோசேப் அண்ணர் செய்த வண்டியில் பிறேக் இல்லை என்பதை எங்கள் அரிப்புக் கிராமத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் முதலில் ஒரு நாள் எங்களோடு கடலுக்கு வந்து பார்க்கட்டும். வள்ளத்தில் பிறேக் எங்கே இருக்கிறது? எஞ்சின் கைப்பிடியைத் தளர்த்தினால் போதும், தண்ணீர் வள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். கரைக்கு வந்தால் மணல் பிடித்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிய சனம் ஒரு வண்டியைச் சுற்றிவந்து பார்த்தால் பிறேக்கைத் தேடுமா?

அந்த வண்டி அவருடைய மகன் றொசாந்தனுக்காகச் செய்யப்பட்டது. றொசாந்தன் சங்கு குளிக்கிறவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனவன், ஒரு நாள் சிலிண்டரில் ஏதோ கோளாறு வந்து அவசரமாக மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் உடம்புக்கு ஆகாது என்று குளிக்கிற எல்லோருக்கும் தெரியும். மூச்சு முட்டும்போது தெரிந்தது எதுவும் உதவாது.

அன்று வள்ளம் ஓட்டியவர் யோசேப் அண்ணர்தான். ஓடிக்கொண்டிருந்த வள்ளத்துக்கு இடப்பக்கமாக மகனுடைய தலை திடீரென்று தெரிந்தது. அவர் வள்ளத்தின் முன்பக்கத்தை, நாங்கள் அணியம் என்போம், அவன் இருந்த பக்கமே திருப்பினார். புதிதாகப் பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் முன்பக்கம் ஆளை நோக்கித் திரும்பினால்தான் பின்னால் இருக்கும் எஞ்சின் விசிறி ஆளை விட்டு விலகும். அணியம் இடித்தால் காயத்தோடு போகும், விசிறி வெட்டினால் ஆளே மிஞ்சாது. எங்கள் பொடியள் கைப்பிடி பிடிக்கிற முதல் நாளே, 'ஆள் நிக்கிற பக்கம் திருப்பு' என்ற இந்தப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். அண்ணர் திருப்பினார், விசிறி விலகியது, மகன் பிழைத்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு திரும்பவேயில்லை.

அதற்குப் பிறகு அவன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சில்லுக்கதிரை எங்கள் மணலில் ஒரு முழம்கூட ஓடாது. கடற்கரையில் அலை சத்தம் போட்டால் காதைப் பொத்துவான். அவனுடைய மனைவி ஜெயனி பேசாலை ஊர்க்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். அவள் பேசினாள், ஏசினாள், பிறகு அவளும் பேசாமல் இருந்தாள். ஜெயனி பேசாத வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. அடுப்பு எரிந்தாலும் செத்த வீடு போலத்தான் இருந்தது.

யோசேப் அண்ணர்தான் தாங்கமுடியாமல் எழும்பினார். பழைய தண்ணீர்ப் பம்பு எஞ்சின் ஒன்று, உடைந்த ஓட்டோவின் மூன்று சில்லு, முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக, வள்ளத்துப் பலகை. இவற்றை வைத்து ஒரு வண்டி செய்தார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். வண்டியைத் திருப்புவதற்கு, வள்ளத்தில் இருப்பதுபோலவே பின்சில்லோடு ஒரு கைப்பிடி. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். வேகமும் அந்தக் கைப்பிடியிலேயே. கால் தேவையில்லை. றொசாந்தனைத் தூக்கி இருத்தியதும், அவன் கை போய்த் தானாக அதைப் பிடித்தது. அப்போது அவன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதோம், அதில் வெட்கமில்லை.

புது வள்ளம் இறக்குவதுபோலவே அதை இறக்கினோம். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். முன்பலகையில் 'அந்தோனியார் துணை' என்று எழுதி, அதன் கீழே தன்னுடைய பழைய வள்ளத்தின் இலக்கத்தையும் யோசேப் அண்ணர் அழகாக எழுதினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சுற்றிச் சுற்றி வந்து ஆணிகளைத் தட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

றொசாந்தன் திரும்பவும் கடற்கரைக்கு வந்தான். வள்ளங்கள் கரை தட்டும்போது அவனுடைய வண்டி அங்கே நிற்கும். மீனை ஏலம் கூறி விற்க அவனைப்போலக் குரல் யாருக்கும் இல்லை. ஜெயனி பெட்டியோடு பின்னால் ஏறியிருந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பட்டம் வைத்துச் சிரிப்பாள். மணலில் ஓடியதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. மீன் கூடுதலாக விழுந்த நாட்களில் அவர்கள் தார் வீதியில் ஏறிச் சந்தைக்குப் போகத் தொடங்கினார்கள். நிற்கவேண்டிய இடத்தில் றொசாந்தன் வண்டியை வீதியோரத்து மணலில் இறக்குவான், அது நிற்கும். தாரில் அது ஒரு தரம்கூட நின்றதில்லை என்பது அவனுக்கே தெரியாது.

ஒரு நாள் பொலிஸ் மறித்தது. பதிவு எங்கே, காப்புறுதி எங்கே, இலக்கம் எங்கே என்று கேட்டார்கள். றொசாந்தன் முன்பலகையிலிருந்த வள்ளத்து இலக்கத்தைக் காட்டினான். வண்டியைத் தாங்களே கொண்டுபோவதாக ஒரு கொன்ஸ்டபிள் ஏறி, வலப்பக்கம் போக நினைத்து வலப்பக்கமே தள்ளி, நேரே வாய்க்காலுக்குள் போனார். ஊர் முழுக்க ஒரு கிழமை சிரித்தது. சிரித்து முடியவே வழக்கு வந்தது. வண்டி வீதிக்குத் தகுதியானதா என்று மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்துச் சொல்லவேண்டும், அதுவரை அது பொலிஸ் காவலில்தான் என்றார்கள். றொசாந்தன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

பரிசோதகர் சுபாஸ்கரன் மன்னாரிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். கடற்கரைக்குப் பிரிகிற தார்ப் பாதைக்கு வண்டியை ஏற்றிவந்து இறக்கியிருந்தார்கள், நாங்களெல்லாம் கூடி நின்றோம். அவர் குனிந்து வண்டியின் கீழே பார்த்தார். எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு யோசேப் அண்ணரிடம் கேட்டார்.

"பிறேக் எங்க?"

அண்ணர் விளங்காமல் முழித்தார். "கைப்பிடியை விட்டால் நிக்கும் ஐயா."

"எதில நிக்கும்?"

"மணலில."

"நாங்கள் மணலிலயா நிக்கிறம்?"

அண்ணர் தன் காலுக்குக் கீழே பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு அப்போதுதான் எட்டியது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் ஜெயனி அவர் பேசும்வரை பொறுக்கவில்லை.

"ஐயா, எத்தினை மாசமா இதில சந்தைக்குப் போய் வாறம். ஒரு கோழியைக்கூட இடிச்சதில்லை. தெருவில பாருங்கோ, லொறியும் பஸ்ஸும் குடிச்சுப்போட்டு ஓடுறாங்கள். அவையளை விட்டுப்போட்டுக் கால் ஏலாத மனிசனையே பிடிக்கிறியள்?"

"அவையளையும் பிடிக்கிறம், தங்கச்சி. நான் பார்க்கிற வாகனத்தில அரைவாசி, இடிபட்ட பிறகு பார்க்கிறது. போன மாசம் அடம்பன் பக்கம் பின்லைற் இல்லாத உழவு இயந்திரம் ஒண்டு. பெட்டிக்குள்ள நெல்லு மூட்டையும் ஒரு சோடிச் செருப்பும் கிடந்தது. செருப்புப் போட்டிருந்த ஆளைப் பற்றி நீங்கள் கேக்காதேங்கோ." அவர் குரல் உயரவில்லை. "இது தெருவில ஓடேலாது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. உண்மை பேசுகிறவர்களை அந்த நேரத்தில் யாருக்குப் பிடிக்கும்? ஜெயனி அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை, அன்று அழுதாள்.

"ஐயா, இந்த வண்டி போனால் அவர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்திடுவார். படுக்கத் தொடங்கிட்டார். ஒருக்கால் ஓடிக் காட்ட விடுங்கோ. நிக்காட்டில் நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ."

சுபாஸ்கரன் வண்டியைப் பார்த்தார், றொசாந்தனைப் பார்த்தார். பிறகு பாதையை இரண்டு பக்கமும் மறிக்கச் சொன்னார். சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள்.

"தம்பி, நீங்கள் வழமையா வாற வேகத்தில வாங்கோ. நடு வீதியில வாங்கோ, கரைக்கு இறக்கவேண்டாம். கோட்டுக்கு இஞ்சால நிப்பாட்டுங்கோ. கோட்டுக்குக் கிட்ட ஒருத்தரும் நிக்கக்கூடாது."

றொசாந்தனைத் தூக்கி இருத்தினோம். வண்டியைத் திருப்பிக்கொண்டு பாதையின் அந்த முனைக்குப் போனான். நல்ல வெயில். எஞ்சின் சத்தம் அங்கிருந்து மெல்ல எழும்பி வந்தது. கைப்பிடியில் ஒரு கை, நிமிர்ந்த நெஞ்சு, பழைய றொசாந்தன். கரையில் நின்ற சிலர் வள்ளப் போட்டியில் கத்துவதுபோல் கத்தினார்கள்.

அப்போது ஜெயனி ஓடிப்போய்க் கோட்டில் நின்றாள். கோட்டின் இடப்பக்கத்து ஓரத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நான் நிக்கிறன் ஐயா! என்னில முட்டாமல் நிப்பாட்டுவார், பாருங்கோ!"

"வாங்கோ இஞ்சால! வாங்கோ!" என்று கத்திக்கொண்டு சுபாஸ்கரன் ஓடினார். அவர் நின்றது எதிர்ப்பக்கம்.

றொசாந்தன் கைப்பிடியைத் தளர்த்தினான். எஞ்சின் அடங்கியது. வண்டி அடங்கவில்லை. சத்தமில்லாமல், அதே வேகத்தில், தாரில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் கண் பெரிதானதை நாங்கள் கண்டோம். வலப்பக்கம் முழுக்க மணல். கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வண்டி மணலில் இறங்கிப் புதைந்து நின்றிருக்கும். கரையில் நின்ற எல்லோரும் மணல், மணல் என்று கத்தினோம்.

அவன் ஜெயனியின் பக்கம் திருப்பினான்.

வண்டியின் முன்பலகை அவளுடைய இடுப்பில் இடித்து, அவளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பற்றைக்குள் ஏறிச் சரிந்தது. ஏன் அப்படித் திருப்பினான் என்று பொலிஸ்காரருக்கு விளங்கவில்லை. சந்தேகத்தோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்களுக்கு விளங்கியது. யோசேப் அண்ணர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வீதியிலேயே குந்திவிட்டார்.

சுபாஸ்கரன்தான் ஜெயனியைத் தன் வாகனத்தில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோனார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று சொல்லும்வரை அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாங்கிலை விட்டு எழும்பவில்லை. பிறகு ஒரு நாள் கையில் அப்பிள் பையோடு வார்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கட்டிலோரம் சில்லுக்கதிரையில் றொசாந்தன் குனிந்தபடி இருந்தான்.

"தங்கச்சி, பிறேக் இல்லையெண்டு கண்ட உடனே எழுதிக் குடுத்திட்டு நான் போயிருக்கவேணும்," என்றார் சுபாஸ்கரன். "நீங்கள் அழுதனீங்கள், ஓட விட்டன். இரக்கமில்லாத ஆளெண்டு ஊரெல்லாம் ஏசுறது எனக்குப் பழக்கம். நான் இரங்கின அண்டைக்குத்தான் இது நடந்தது."

 அவர் போன பிறகுதான் றொசாந்தன் வாய் திறந்தான்.

"நான்தான் உன்ர பக்கம் திருப்பினனான். மணல் இருந்தது. கண்டனான். கை கேக்கேல்லை."

"தெரியும்," என்றாள் ஜெயனி. "நானும் கடல்காரன்ர பிள்ளைதானே. விசிறி என்னில படக்கூடாதெண்டு திருப்பினீங்கள்."

அந்த வண்டியில் விசிறி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அவன் முகத்தை அவளுடைய கையில் வைத்து அழுதான். நான் வெளியே போய்விட்டேன்.

வண்டி தகுதியற்றது என்று தீர்ப்பு வந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. திருப்பித் தந்தபோது யோசேப் அண்ணர் அதைத் தன் கையாலேயே பிரித்தார். முன்பலகையை மட்டும் எரிக்க மனமில்லாமல் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டார்.

அதற்குப் பிறகு றொசாந்தனுக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டி ஒன்று கிடைத்தது. அதற்கு எழுதிக் கொடுத்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர் சுபாஸ்கரன் என்று பிறகுதான் அறிந்தோம். ஆமை வேகத்தில்தான் போகும். அதில் பிறேக் இருக்கிறது, இடக்கைப் பக்கம், கறுப்புப் பிடி. அவன் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. படுத்தால் ஜெயனி தன்னைத்தானே நொந்துகொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

இப்போதும் வள்ளங்கள் வரும் நேரத்தில் இருவரும் கடற்கரைக்கு வருகிறார்கள். கரை மணலில் பலகை போட்டு இறுக்கி ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறோம். அவன் சுற்றுவான், அவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துப் பின்னால் தள்ளி வருவாள். பட்டம் வைத்துச் சிரிக்கிற வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. பலகை முடிகிற இடத்தில் வண்டியின் சில்லு மணலில் இறங்கிப் பாதி புதைந்துவிடும். ஆள் சேர்ந்து தூக்கினாலொழிய அது அசையாது.

ஆனாலும் அவனுடைய இடக்கை பிறேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். மீன் கூறும்போதும், காசு வாங்கும்போதும், யாராவது தேத்தண்ணி நீட்டும்போதும் அந்தக் கை வெளியே வராது. விரல் மொளிகள் வெளுத்துப்போய் இருக்கும். ஜெயனி அவனுக்கு முன்னால் போவதேயில்லை. பின்னாலிருந்து குனிந்து, தன் கையை அந்தக் கையின் மேல் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொல்வாள்.

"விடுங்கோ. அது நிண்டிட்டுது."

அவன் விடமாட்டான்.