மைத்துனன் ஒப்படைத்த டீ ட்ரீ

அன்று காலை உதிர்ந்திருந்தவை நாற்பத்து மூன்று. ஊசிபோல் மெலிந்த அவ்விலைகளைக் கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். கசக்கினால் மருந்துக்கடை வாடை எழும். பருவுக்கும் பொடுகுக்கும் பூசும் எண்ணெய் இச்செடியிலிருந்தே வடிக்கப்படுகிறது. பெயர் டீ ட்ரீ என்றாலும், நாம் பருகும் தேநீருக்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை.

செடி அவருடையதன்று. மனைவியின் தம்பி விதையிலிருந்து ஐந்தாண்டுகள் வளர்த்து, வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகையில் நான்கு மாதங்களுக்கென ஒப்படைத்தது. "குழந்தை மாதிரி பாத்துக்கங்க மாமா" என்று இருமுறை சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறன்று திரும்பி வருகிறான், அன்று வியாழன். செடி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டபோதெல்லாம், முதல் வாரத்தில் எடுத்த மூன்று படங்களையே மாற்றி மாற்றி அனுப்பிவந்தார். அந்தப் பொய்தான் இப்போது இலையிலையாய் உதிர்ந்துகொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் தொழில். கால் பவர் பிசகினாலும் ஏற்கமாட்டார். அந்த ஒழுங்கைச் செடிக்கும் கொணர்ந்தார். காலை ஏழு மணிக்கு இருநூறு மில்லி நீர். பதினைந்து நாளுக்கொருமுறை உரம். வாரந்தோறும் தொட்டியைக் கால்வட்டம் திருப்புதல். செடியோ எதற்கும் பணியவில்லை. கீழ்க்கிளைகள் மொட்டையாயின, நுனிகள் வெளிறி, எதையோ எட்டிப் பிடிக்க முயல்வனபோல் நீண்டன.

"நீ திருட்டுத்தனமா தண்ணி ஊத்துறியா?" என்று மனைவியின்மேல் பாய்ந்தார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. உங்க செடிக்குத் தாலாட்டு பாடிட்டு இருக்கேன்."

"என் செடியா? உன் தம்பி செடி!"

"பச்சையா இருந்தவரைக்கும் 'நம்ம செடி'ன்னீங்க. இப்ப என் தம்பி செடியாயிடுச்சா? வெளிச்சம் பத்தலையோ என்னவோ."

"இவ்வளவு பெரிய கண்ணாடி ஜன்னல் பக்கத்துல வச்சிருக்கேன். இதுக்கு மேல சூரியனை இறக்கிட்டு வந்து மடியில வைக்கணுமா?"

மறுநாள் கடைக்கு ஒருவர் தம் கறுப்புக் கண்ணாடியைத் திருப்பித்தர வந்தார். "இதைப் போட்டுட்டு வீட்டுக்குள்ள நடந்தா சுவத்துல முட்டிக்கிறேன் சார்" என்றார். வில்லை வழியே எவ்வளவு ஒளி கடக்கிறதென்று காட்டும் சிறு கருவியில் அதனை வைத்தார் கண்ணாடிக்காரர். நூற்றில் பதினெட்டு. "இது வெயிலுக்குன்னு செஞ்சது சார், வீட்டுக்குள்ள..." என்று தொடங்கியவருக்குத் தம் வீட்டுச் சன்னல் நினைவுக்கு வந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன், நாளெல்லாம் உழைத்த கண்களுக்கு இதமாக இருக்கட்டுமென்று, வீட்டுச் சன்னலில் கறுப்புப் படலத்தை ஒட்டியவர் அவர்தாம். குகைமாதிரி இருக்கிறது என்று மனைவி முறையிட்டபோதெல்லாம், ஒளியின் தீங்குகளைப் பற்றி நெடிய விளக்கம் அளித்தவரும் அவர்தாம். மாலையில் கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மீந்திருந்த படலத் துண்டை அதில் செருகினார். இருபத்திரண்டு. வெயிலை உண்டு வாழும் செடிக்கு நான்கு மாதம் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பசித்த வாயில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்! பிறர் கண்ணுக்கு எது எவ்வளவு என்று சொல்லியே வாழ்பவர். தம்மீது எழுந்த சினத்தைக் காட்ட ஓரிடமின்றிக் கருவியைப் பையில் திணித்தார்.

சனிக்கிழமை முழுதும் படலத்தைச் சுரண்டினார். அது உரியவில்லை, நகத்தளவு நகத்தளவாய்க் கிழிந்து, பசையைக் கண்ணாடியிலேயே விட்டுவந்தது.

"ரெண்டு வருஷமா நான் வாய்விட்டுக் கேட்டேன்" என்றாள் மனைவி, வெந்நீர்க் கிண்ணத்தை நீட்டியபடி. "வாயில்லாத செடி கேட்டதும் கிழிக்கிறீங்க."

அவர் கிண்ணத்தை வாங்கி, துணியை நனைத்துப் பசையைத் தேய்க்கத் தொடங்கினார்.

ஞாயிறன்று மைத்துனன் செருப்பைக் கழற்றுமுன்பே அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "நான் அனுப்பின படமெல்லாம் பழசு. செடி போயிட்டுது. தப்பு என்னுது."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"மூணு படத்துலயும் பின்னாடி ஒரே மாசக் காலண்டர். ரெண்டாவது மாசமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே!"

"உங்ககிட்ட எப்படி மாமா கேக்குறது? சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி! ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்குமேடா! மரியாதையாம் மரியாதை!"

"நீங்க ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா நாலு மாசமும் மிச்சமாயிருக்கும்" என்று உள்ளிருந்து வந்தது மனைவியின் குரல்.

மைத்துனன் தொட்டியருகே குந்தினான். காகிதம்போல் உரியும் பட்டையை நகத்தால் கீறினான். அடித்தண்டில் மட்டும் மெல்லிய பச்சை தெரிந்தது. எழுந்து, செடி வெட்டும் கத்தரியைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தான்.

"மேல இருக்கிறது எல்லாம் போகணும். நீங்களே வெட்டிடுங்க மாமா. என்னால ஆகாது."

"எவ்வளவு?"

"குத்துமதிப்பா வெட்டுங்க."

"குத்துமதிப்புன்னா எத்தனை சென்டிமீட்டர்?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கண்ணாடிக்காரர் கத்தரியைத் தண்டில் வைத்தார். சற்று மேலே நகர்த்தினார். மீண்டும் கீழே இறக்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். ஐந்தாண்டு வளர்ச்சி ஒரே கையடக்கமாய் விழுந்தது. அறை முழுவதும் அதன் மணம் நிறைந்தது.

"சரியாத்தான் வெட்டியிருக்கேனா?"

"தெரியாது மாமா. துளிர்த்தா சரி."

"எப்ப தெரியும்?"

"ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். இப்ப இடத்தை மாத்தினா தாங்காது."

"இங்கேயேவா?" என்றார் கண்ணாடிக்காரர், அடங்காத எரிச்சலோடு, ஆயினும் தொட்டியை வெயிலுக்கு இன்னும் ஒரு விரற்கடை நெருக்கி வைத்தார்.