ஐந்தாம் சரணம்

என் நாத்தனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்ததும், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாமல் போயிற்று. போதகர் வீடு தேடி வந்து, "நீங்கதான் கீபோர்டு வாசிப்பீங்களேம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவள். கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, கல்லூரி விழா, எதுவானாலும் போவேன். பாடுகிறவர் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் ஓடிப் பிடித்துவிடுவேன். ஞானப்பாட்டு என்ன பிரமாதம்? நாலு வரி, அதே மெட்டு திரும்பத் திரும்ப. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கலாம் என்று நினைத்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். வரிக்கும் வரிக்கும் நடுவில் நகாசு, சரணம் முடிகிற இடத்தில் ஓர் உருட்டு. சபையில் பாதிப் பேர் எனக்கு முன்னால் ஓடினார்கள், பாதிப் பேர் பின்னால் வந்தார்கள், முன்வரிசைப் பெரியவர் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேவிட்டார். ஆராதனை முடிந்ததும் போதகர், "ரொம்ப நல்லா வாசிச்சீங்க. எங்களாலதான் கூட வர முடியல" என்றார். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு வாசல்வரை நடக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "அந்த ஆர்கன் பழசு, கட்டையெல்லாம் இறுகிக் கிடக்கு" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பின்னறையிலிருந்து பதில் வந்தது. நாத்தனார்தான்.

அக்கா என் கணவருக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடு இருப்பவர். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் அடுப்பைத் தணித்தால் அவர் கூட்டுவார். நான் ஜன்னலைத் திறந்தால் அவர் சாத்துவார். நோய்க்குப் பிறகு கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கை விழுந்த அன்றோடு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். "நான் வீட்டுலயே ஜெபிச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்வார். என் கணவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். "அக்கா ஒரு தடவை உள்ள வந்து உக்காந்தா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று என்னிடம் சொல்லும்போது அவர் குரல் உடையும். கல்மனசுக்காரியான எனக்கே பாவமாக இருக்கும்.

வேறு வழியில்லை. வீம்பை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், "சொல்லிக்கொடுங்க அக்கா" என்று நின்றேன்.

கீபோர்டைத் தொடவே விடவில்லை. "பாடு" என்றார்.

"மெட்டு தெரியும் அக்கா."

"மெட்டு தெரியும். மூச்சு தெரியுமா? பாடு."

பாடினேன். இரண்டாம் வரி முடிந்ததும் தன்னால் மூச்சு வாங்கியது. அக்கா கட்டிலின் சட்டத்தில் தட்டினார். "இங்கதான். இந்த இடத்துல ஆர்கனும் கையை எடுத்து மூச்சு விடணும். நீ அங்க நகாசு வேலை பண்ணிக்கிட்டிருந்தா, அவங்க எங்க போய் மூச்சு விடுவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

"ஒரே மெட்டை அஞ்சு தடவை வாசிச்சா எனக்கே தூக்கம் வருது" என்றேன் இன்னொரு நாள்.

"முதல் சரணத்தைச் சந்தோஷமா இருக்கறவன் பாடறான். மூணாவது, பிள்ளையைப் பறிகொடுத்தவ பாடறா. மெட்டு ஒண்ணுதான், வாய் வேற வேற. வார்த்தையைப் படிச்சுட்டு கட்டையில கை வை."

பிறகு பாட்டின் நாலு குரல்களில் ஆல்ட்டோ என்கிற, பெண்களின் தணிந்த குரலைத் தனியாக எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வரி முழுவதும் ஒரே சுரம், அசையவே இல்லை. இதைப் பாட ஓர் ஆளா என்று சிரித்தேன். "இப்ப மத்த மூணு குரலையும் சேத்து வாசி" என்றார். சேர்த்தேன். மேல் குரல் ஏறி இறங்கியது, கீழ்க் குரல் நடந்துகொண்டே இருந்தது. நடுவில் அந்த ஒரே சுரம், இருந்த இடத்தில் இருந்தபடியே, ஓரிடத்தில் ஆறுதலாகவும் அடுத்த இடத்தில் வலியாகவும் கேட்டது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், இப்படி ஒன்று என் காதில் விழுந்ததே இல்லை.

"இப்பத்தான் காது திறந்திருக்கு" என்றார் அக்கா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ஒரு வரி நீங்க பாடிக் காட்டுங்களேன்."

"என் குரல் தகர டப்பா. ஆர்கன் இருந்துது, பாடற அவசியமே எனக்கு வந்ததில்ல."

அப்படியே போயிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. ஒரு சனிக்கிழமை கேட்டேவிட்டேன். "இவ்வளவு சொல்லிக்கொடுக்கறீங்க, ஒரு நாள் வந்து கேட்டா என்ன? நான் வாசிக்கறதைக் கேக்கறது அவ்வளவு கேவலமா?"

அக்கா தன் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நீ நல்லா வாசிச்சாலும் சரி, மோசமா வாசிச்சாலும் சரி, கேட்டா கை கட்டையைத் தேடும். தேடற கையை மடியில வச்சுக்கிட்டு அவ்வளவு பேர் நடுவுல நான் எப்படி உக்காந்திருப்பேன், சொல்லு" என்றார்.

வரும்போது நான் திறந்த ஜன்னலை நானே எழுந்து சாத்தினேன்.

மறுநாள் ஆராதனை. ஐந்து சரணமுள்ள பாட்டு, கொஞ்சம் மேல் சுருதி. ஆர்கன் வாசிப்பவருக்குச் சபை முதுகுப் பக்கம். போதகர் எப்போது எழுகிறார் என்று பார்க்க மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். முதல் இரண்டு சரணம் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் சத்தத்தைக் குறைத்தேன். அப்போது கண்ணாடியில் பின்கதவு திறந்தது. அக்கா. தனியாக, ஒற்றைக் கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

என் விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன, புத்தி கண்ணாடியிலேயே நின்றது. எத்தனையாவது சரணம் என்பது தப்பிப் போயிற்று. சரணத்தின் கடைசி வரியில் வேகத்தைத் தணித்து, கடைசிச் சுரத்தை நீட்டி, கம்பீரமாகக் கையை எடுத்தேன்.

நான்காவதுதான் முடிந்திருந்தது.

சபை முழுவதும் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி, வாயும் பாதி திறந்தபடி நின்றது. போதகர் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் கழித்து வந்தவர் காதில் விழ வேண்டியது இதுதானா?

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஐந்தாம் சரணத்தை எடுத்தது. கரகரத்த, மெருகில்லாத, நடுங்குகிற குரல். தகர டப்பா என்று சொன்னதில் பொய் இல்லை. என் சுருதி அவருக்கு எட்டாது. ஒரு சுரம் கீழே இறங்கித்தான் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற தையல்காரம்மா சேர்ந்துகொண்டாள். பிறகு அந்த வரிசை. பிறகு எல்லோரும், அவர் இருந்த சுருதியிலேயே.

என் கை கட்டைக்கு மேல் தயங்கி நின்றது. பழைய சுருதியில் வாசித்தால் நான் வாசித்தது சரி, அவர் பாடியது தப்பு என்று ஆலயத்துக்கே தம்பட்டம் அடித்த மாதிரி ஆகும். அவரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப அது போதும். காதைத் தீட்டிக் கேட்டேன். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்திருந்து, இரண்டாம் வரியில், அவர் இறங்கியிருந்த இடத்துக்கே நானும் இறங்கிச் சேர்ந்துகொண்டேன். மெதுவாகத்தான் வாசித்தேன். எட்டாத உயரம் இல்லாததால் எப்போதும் முணுமுணுக்கிற ஆண்கள்கூட வாய்விட்டுப் பாடினார்கள். ஆலயம் அதிர்ந்தது. என் கண்ணில் நீர் முட்டி, கட்டை கலங்கித் தெரிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அக்கா வாசலருகே நின்றிருந்தார். என் கணவர் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டுவாங்கத் தயாரானேன்.

"நாலாவதோட முடிச்சிட்ட" என்றார் அக்கா.

"தப்புதான் அக்கா."

"அஞ்சாவதுல சுருதி இறங்கி வந்த."

"நீங்க அங்கதானே இருந்தீங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் இவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு ஆள் பக்கத்துல நின்னு பாடறது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்தத் தையல்காரம்மா ஒரு வரிகூட ஒழுங்கா பாடல. என் தோள் மேல சாஞ்சுக்கிட்டு பாடினா." முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் சீக்கிரம் கிளம்பணும். நடுவுல எடம் பிடிக்கணும்."

என் கணவர் சாவியைக் கீழே போட்டுவிட்டார். குனிந்து எடுக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.