குழாயில் முதலில் வந்த தண்ணீர்

சாப்பிட உட்கார்ந்த அக்கா தட்டைத் தொடாமலே சொன்னாள். "என் கட்டுரை தப்பு."

எந்தக் கட்டுரை என்று நானும் கேட்கவில்லை, அத்தானும் கேட்கவில்லை. மண்ணிலிருந்து பிரித்த ஒரு நுண்ணுயிரைக் கலந்து ஊற்றினால் தக்காளி நாற்றுகள் வேகமாக வளர்கின்றன என்று அவள் எழுதி, போன வருடம் பெரிய ஆய்விதழில் வந்தது அது. அதை வைத்துத்தான் துறைத்தலைவர் பதவி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் நேர்காணல்.

"யார் சொன்னா?" என்றார் அத்தான்.

"குழாய் சொல்லிச்சு."

போன மாதம் ஒரு மதியம் நாற்றுக்கூடத்தில் கை கழுவப் போயிருக்கிறாள். தண்ணீர் சுட்டிருக்கிறது. கூரைமேல் வெயிலில் கிடக்கும் குழாய் அது. கொஞ்சம் ஓடவிட்டால்தான் குளிரும். அப்படியே நின்றுவிட்டாளாம். நுண்ணுயிர் தப்பித்தவறி ஒட்டிவிடக் கூடாதென்று, ஒப்பிட்டுப் பார்க்க அது கலக்காமல் வளர்த்த நாற்றுகளுக்குத்தான் எப்போதும் முதலில் ஊற்றுவாள். அப்படியானால் வெந்நீரெல்லாம் அவற்றுக்கே போயிருக்கிறது. மற்றவை வேகமாக வளரவில்லை, இவைதான் குன்றிப் போயிருக்கின்றன. அவளுடைய ஜாக்கிரதையே அவளைக் கவிழ்த்திருந்தது.

"சந்தேகம்தானே?"

"தண்ணியை ஆறவெச்சு மறுபடி செஞ்சு பாத்துட்டேன். ரெண்டும் ஒரே உயரம்."

ஒரு மாதமாக அவள் வாயே திறக்காமல் திரிந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஒரு வாரம் பொறு" என்றார் அத்தான். "தப்பு எங்கயும் ஓடிடாது."

"ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. இந்த ஒரு வாரத்துல இன்னும் நாலு பேர் அதை நம்பி விதை போடுவாங்க."

"அடி தராசு!" என்றார் அத்தான். கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர். "எடை போட வேற ஆளே கிடைக்கலியா? உன்னையேதான் தட்டுல வைக்கணுமா?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அத்தான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. அந்தக் குழாயடியில் நான் நின்றிருந்தால், தண்ணீர் குளிர்ந்ததும் கையைக் கழுவிவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் ஆய்விதழின் ஆசிரியரிடம் பேசினாள். கைப்பேசி ஒலிபெருக்கியில் அவர் குரல் இதமாக இருந்தது. "சின்னத் திருத்தக் குறிப்பு போட்டுடலாமே மேடம்? தண்ணியோட சூட்டைக் கவனிக்கலைன்னு ரெண்டு வரி. கட்டுரை அப்படியே இருக்கும்."

அத்தான் வேகவேகமாகத் தலையாட்டினார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு எண் மாறியிருந்தா திருத்தம் போதும் சார். இங்க முடிவே விழுந்துடுச்சு. திரும்ப எடுத்துக்குங்க. காரணத்தை முழுசா போடுங்க, குழாய் உட்பட."

"வழக்கமா இதுக்கு நாங்கதான் மத்தவங்களைக் கெஞ்சுவோம்" என்றார் ஆசிரியர்.

நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் கேட்டார்களாம். சொல்லிவிட்டாள். பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா அழுதாள், அழுகையையும் மறைக்கவில்லை. அத்தான் காபி போட்டுக் கொண்டுவந்து, "சர்க்கரை சரியா இருக்கா, இல்ல இதையும் திரும்ப எடுத்துக்கணுமா?" என்றதும் அழுகையோடு சிரித்தாள்.

பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிவர நாற்றுக்கூடத்துக்குப் போனேன். "திரும்பப் பெறப்பட்டது" என்று சிவப்பு எழுத்துகள் குறுக்கே ஓடும் முதல் பக்கத்தைக் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்தாள். கீழே அவள் பெயர் அப்படியே இருந்தது. வெட்கமாக இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கைப்பேசி அடித்தது.

யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவி. ஒரு வருடமாக அக்காவின் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள், ஒருமுறைகூட அதே முடிவு வரவில்லை. "என் கைதான் ராசியில்லைன்னு படிப்பையே விடப் பாத்தேன் மேடம்" என்ற குரல் எனக்கே கேட்டது.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன்.

"அது கிடக்கட்டும்மா" என்றாள், குழாயைத் திறந்து தண்ணீரில் புறங்கையை நீட்டியபடி. "உங்க குழாய் வெயில்லயா வருது, நிழல்லயா?"