தூக்கம் மட்டும் என்னுடையது

எங்கள் போதகருக்கு ஒரு பழக்கம். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும்போதுதான் அவருக்குச் சூடு பிடிக்கும். அன்றைக்கும் அப்படித்தான்.

"ஆண்டவருக்கு ஞாயித்துக்கிழமையை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கோமா? அடுப்படி அவரோடது, ஆபீஸ் அவரோடது, உங்க நாக்கும் அவரோடது. இதுவரைக்கும் அவரை உள்ள விடாத இடம் ஒண்ணைச் சொல்லி ஒப்புக்கொடுங்க" என்றார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தையல்காரர் தன் வியாபாரத்தைக் கொடுத்தார். அவர் மனைவி தன் நாக்கைக் கொடுத்தாள். அதற்குத் தையல்காரர் போட்ட ஆமென் தெருமுனை வரை கேட்டிருக்கும். என் கணவர் கோபத்தைக் கொடுத்தார். என் முறை வந்தபோது எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட். விடிய விடிய ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவள் நான்.

"என் தூக்கம்" என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் தலை குனிந்துகொண்டார்.

காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பகலில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, என் மாமியார் தனியாகக் குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்துவிட்டார். நான் எழுந்து பார்த்தபோது தரையில் கிடந்தார். அதன்பின் படுத்த படுக்கைதான், எழவே இல்லை. அடக்கத்தன்று கல்லறையில், அத்தனை பேர் நடுவில், என் ஓர்ப்படி (கணவரின் அண்ணன் மனைவி) சொன்னாள்: "பட்டப்பகல்ல இழுத்துப் போர்த்திட்டுத் தூங்குறவகிட்ட பெரியவங்களை விட்டா இப்படித்தான்." அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தூக்கமும் போனது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஆக, நான் ஆண்டவருக்குக் கொடுத்தது கிழிந்த சரக்குதான்.

மறுவாரம் ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்தால், கணவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணி இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. தனியா எழுந்திரிக்கவே கூடாதாம். அண்ணன் இன்னைக்கு லாரி எடுத்தே ஆகணும். எனக்கும் லீவு இல்ல. நீ பகல்ல வீட்லதானே..."

"வீட்ல சும்மாவா இருக்கேன்? தூங்குறேங்க, தூங்குறேன்!"

"நீதானே ஒப்புக்கொடுத்தே" என்றார் மெதுவாக.

"ஆண்டவருக்குக் கொடுத்தேன். உங்க அண்ணிக்கா கொடுத்தேன்?"

சொல்லிவிட்டேனே தவிர, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றபடியே போனேன். வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை. வானம் இருக்கிறது, பூமி இருக்கிறது, கடல் இருக்கிறது. போயும் போயும் என் பகல் தூக்கத்தின் மேலா உமக்குக் கண்? அதையாவது எனக்கென்று விட்டுவைக்கக் கூடாதா?

ஓர்ப்படி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டீ போட்டுக் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். கடைசியில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"எது வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா. தனியா எழுந்திரிக்காதீங்க."

"நீ முழிச்சிருந்தா கூப்பிடறேன்."

சுருக்கென்றது. செத்தாலும் இன்றைக்குக் கண் மூடுவதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். முகம் கழுவினேன். கையைக் கிள்ளினேன். மருந்துப் பாட்டிலில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தேன்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. ஐயோ என்று பதறி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. முதலில் தரையைத்தான் பார்த்தேன். தரையில் யாரும் இல்லை.

ஓர்ப்படி கட்டிலில்தான் இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய சால்வை என் மேலிருந்து நழுவி விழுந்தது.

"என்னக்கா? வலிக்குதா?"

"பாத்ரூம் போகணும். ரொம்ப நேரமா."

"எழுப்ப வேண்டியதுதானே!"

"ரெண்டு தரம் வாயைத் திறந்தேன். நீ தலை தொங்கிக் கிடந்த கோலத்தைப் பார்த்து மனசே வரல." உத்தரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அத்தையும் இப்படித்தான் செஞ்சிருப்பாங்க. வாசல்ல நின்னு உன்னைப் பார்த்துட்டு, பாவம் தூங்கட்டும்னு தனியாப் போயிருப்பாங்க. அது புரியாம அத்தனை பேர் முன்னாடி நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்டி."

இத்தனை வருஷமாக முழித்துக் கிடந்ததெல்லாம் மொத்தமாக அழுகையாக வந்துவிட்டது.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல என்னைத் தூக்கு, இதுக்கு மேல தாங்காது" என்றாள்.

தோளில் சாய்த்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போய் வந்தோம். அவளைப் படுக்கவைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினேன்.

"அதுல உட்காராதே, கழுத்துப் போயிடும். உள்ரூம் கட்டில்ல போய்ப் படு."

"நீங்க?"

"கூப்பிடறேன். சத்தியமா கூப்பிடறேன்."

கதவைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தேன். பஸ்ஸில் போட்ட சண்டைக்கு ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றிருந்தது. ஆண்டவரே என்று ஆரம்பித்தேன், அதற்குள் தூங்கிவிட்டேன்.