ஆனந்தவல்லி நகரில் தெருவிளக்கு இல்லை

குலசேகரன் மனை போட்டு விற்ற ஆனந்தவல்லி நகர் எங்குமே இல்லை. வாங்கியவர்கள் வைகாசியில் அங்கே குடிபோனார்கள்.

அந்தச் சேதி தெரியாமல் அவன் கோலாரில் மச்சினன் வீட்டில் ஒளிந்திருந்தான். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அற்புதமேரி டீச்சர் போன் செய்தார். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் அவனிடம் கொடுத்து முதல் மனையை வாங்கியவர்.

"என்ன தம்பி, வித்ததோட சரியா? ஒரு நடை வந்துட்டுப் போங்க," என்றார்.

போலீஸோடு காத்திருக்கிறார் என்றுதான் நினைத்தான். ஆனாலும் எத்தனை நாள் ஒளிவது? பஸ் ஏறினான்.

திண்டிவனத்தில் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கே அவனைப் பற்றித்தான் பேச்சு.

"அந்தக் குலசேகரனைக் கட்டிவச்சுத் தோலை உரிக்கணும்," என்றார் ஒருவர்.

"வாங்கினவங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார் இன்னொருவர்.

"என்ன இருந்தாலும் ஆளு கில்லாடிப்பா," என்றார் கடைக்காரர். அதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குலசேகரன் குனிந்த தலை நிமிராமல் டீயைக் குடித்தான்.

ஆனந்தவல்லி நகருக்கு வழி கிடையாது. ஆகவே அவன் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வழி இல்லாத பக்கமாக நடந்தான். கொஞ்ச தூரத்தில் வீடுகள் வந்தன. கொடியில் போர்வைகள் காய்ந்தன. யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கிணற்றடியில் நின்றிருந்தார். அவன் காலில் விழப் போனான்.

"அதெல்லாம் இருக்கட்டும். தெருவிளக்கு போட்டுத் தரேன்னீங்களே, எங்க? பொழுது சாஞ்சா பாம்பு வருது. தண்ணி தேனா இருக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணாமா நீங்க?"

அவர் திட்டத் திட்ட அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. டீச்சர் வீட்டு மீன் குழம்புக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"அடுத்த வாரமே போட்டுடறேன் டீச்சர்," என்றான். மெய்யாகவே போடத்தான் நினைத்தான்.

கை கழுவ வெளியே வந்தபோது வேலியோரம் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பக்கத்து நெட்டேரிக்காரர்கள்.

"எங்க ஊரு நெசமாவே இருக்குதுங்க," என்றார் அவர்களில் மூத்தவர். "அதான் தொல்லை. குழாயில தண்ணி வரல, பஸ்ஸு நிக்கல. நீங்க மனசு வச்சு, இல்லாத ஊருன்னு ஒருதரம் வித்துக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

குலசேகரன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நெட்டேரியில் மொத்தம் எத்தனை தெரு என்று கேட்டான்.