சம்பந்திக்காகத் திறந்த மூடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதுதான். எங்கள் திசு வங்கியின் சுவர்ப் பலகைக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'நம் மூத்த ஊழியர் தொக்தாசின்' என்று படத்தோடு ஒட்டுவார்களாம். பதினோரு ஆண்டில் தேவையில்லாமல் ஒரு தடவைகூட நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்ததில்லை என்று எழுதி முடித்தேன். விஷயம் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். அதுதான் உறுத்தியது.

நான் எட்டாவதோடு நின்றவன். கதை எழுதுகிறவர்களை நம்புவதில்லை. இப்போது நானே எழுதுகிறேன், ஆகவே என்னையும் நம்ப வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் கரகண்டா நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்—" அடித்துவிட்டேன். அன்று வெயில்.

இரண்டாவது: "தோல் என்பது கடவுள் மனிதனுக்குப் போர்த்திய—" இதுவும் வேண்டாம். இந்தத் தோலைக் கடவுள் செய்யவில்லை, எங்கள் டாக்டரம்மா ஸௌரே செய்தார். தீப்பட்டவர் உடம்பில் நல்ல இடத்திலிருந்து தபால்தலை அளவு எடுத்து, அதை வளர்த்து, உள்ளங்கை அகலத் தாளாக்குவார். உடனே தேவைப்படாத தாளைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைப்போம். வளர்ப்பது அவர் வேலை, உறைந்ததைச் சாகாமல் காப்பது என் வேலை. நைட்ரஜன் மட்டத்தை மின்னணுப் பெட்டி சொல்லும். நான் மரக்குச்சி விட்டுப் பார்ப்பேன். குச்சியில் எதுவரை உறைபனி படிகிறதோ அதுவரை திரவம். பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், குச்சிக்கு என் கண் போதும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இதை நான் கால்நடைச் சினை ஊசி நிலையத்தில் கற்றேன். காளை விந்துக் குடுவையைத் தூக்கிக்கொண்டு இருபது ஆண்டு புல்வெளியில் அலைந்தவன். டாக்டரம்மா இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன்.)

3

ஷினாரைப் பற்றி எழுதத் தயக்கம். உங்களை அழ வைக்கக் கொண்டுவந்த ஆள் என்று நினைப்பீர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பேருந்து நிலையத்தில் சம்சா சுட்டு விற்றவள். சிலிண்டர் வெடித்தது. முதுகுக்கு எங்கள் தோல் ஒட்டியாயிற்று. கைகள் பாக்கி. அவளுக்காக வளர்த்த மூன்று தாள்கள் தொட்டியின் மேல்தட்டில் இருந்தன. வலது கைக்கு இரண்டு, இடது கைக்கு ஒன்று. இன்னொரு முறை எடுத்து வளர்க்க அவள் உடம்பில் நல்ல இடம் மிச்சமில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைக் கட்டோடு மருத்துவமனை வார்டிலிருந்து எங்கள் வாசல்வரை நடந்து வருவாள்.

"பெரியவரே, என் தோலுக்குக் குளிருதா?"

"உன்னைவிடச் சுகமா இருக்கு. வாயடிக்காமத் தூங்குது."

4

முதல் வரைவில் மூடியை இன்னொரு ஊழியன் திறந்ததாக எழுதினேன். அவனுக்கு ஒரு பெயரும் வைத்தேன். பெயர் வைத்ததும் அவன் என்னை முறைக்க ஆரம்பித்தான். அழித்துவிட்டேன். திறந்தது நான்.

என் மகள் வாழப்போன வீட்டுப் பெரியவர், சம்பந்தி ஒராஸ்பாய், மூட்டை நிறையக் குதிரை இறைச்சியோடு ஊரிலிருந்து வந்தார். எங்கள் வழக்கத்தில் சம்பந்தி கேட்டதை இல்லை என்று சொல்கிறவன் பிறகு நாலு பேர் முன்னால் உட்கார முடியாது. அவர் கேட்டது என் வேலையைப் பார்க்க.

"பட்டணத்துல காளை ஏது சம்பந்தி? இங்க யாருக்கு ஊசி போடுறீங்க?"

அந்தக் கிண்டல் என்னைச் சுட்டது. உள்ளே கூட்டிப்போய் மூடியைத் திறந்தேன். விளிம்புக்கு மேல் வரக் கூடாத மேல்தட்டை ஒரு முழம் தூக்கிக் காட்டினேன். "மனுஷத் தோல்" என்றேன். அவர், இருங்கள், கண்ணாடி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பையில் தேடினார். இன்னொரு பையில் தேடினார். கோட்டின் உள்பையில் தேடினார். நான் தூக்கியபடியே நின்றேன். கடைசியில் பார்த்தார், பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் நான் அடிக்கப் போவதில்லை.

இறக்கும்போதுதான் கவனித்தேன். மேல்தட்டு முழுக்க வெள்ளைப் பனி தடித்திருந்தது. அறைக் காற்றின் சூடு தொட்டுவிட்டது, தோல் செத்திருக்கலாம். மின்னணுப் பெட்டி முனகவில்லை. அதன் கம்பி அடியில் தொங்குகிறது, மேலே நடப்பது அதற்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அன்று திங்கள். ஷினாருக்கு அறுவை வியாழன்.

5

செவ்வாய் காலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார்.

"சம்பந்தி கண்ணாடி தேடுற நேரம்."

சம்பந்திக்குப் போன் போட்டோம். தான் எதையும் நிதானமாகத் தேடுகிற ஆள் என்றார். வேறு வழியில்லாமல் தோல் இல்லாத வெறும் தட்டு ஒன்றில் வெப்பமானிக் கம்பியைச் செருகித் தூக்கிப் பிடித்தேன். டாக்டரம்மா என் கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகத் துழாவினார். மூன்று முறை செய்தோம். இரண்டு முறை பிழைத்தோம். மூன்றாம் முறை மைனஸ் நூற்றுப் பதினாறு. மைனஸ் நூற்று இருபதுக்கு மேலே சூடு ஏறினால் தோல் உயிரோடிருக்கும் என்று டாக்டரம்மா நம்பமாட்டார்.

ஒரு தாளை உருக்கிப் பார்த்தால் தெரியும். ஆனால் சோதனைக்கு உருக்கிய தாளைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, போனது போனதுதான். பார்க்காமல் ஒட்டி, அது செத்த தோலாக இருந்தால் இரண்டு கையும் போகும்.

ஷினாரிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டரம்மா பேச வாயெடுத்தார், விடவில்லை. அவள் கட்டுப்போட்ட வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"மாவு பிசையறது வலது கை," என்றாள். "இடது கைத் தோலை எடுத்துப் பாருங்க. ஆனா நீங்கதான் எடுக்கணும் பெரியவரே. வேற ஆளை நான் நம்பல." பிறகு, "உங்க சம்பந்தி கண்ணாடிக்கு ஒரு கயிறு வாங்கிக் குடுங்க."

6

எடுத்தேன். வேண்டிய நேரத்தைவிட ஒரு நொடிகூட அதை விளிம்புக்கு மேலே வைத்திருக்கவில்லை. வெதுவெதுப்பான நீரில் உருக்கினார்கள். ஓரத்தில் சாயம் விட்டார்கள். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. டாக்டரம்மா நுண்ணோக்கி மேல் குனிந்தார்.

முடிவு ஒன்று: அங்கங்கே நாலு நீலப் புள்ளி, மற்றதெல்லாம் உயிர். வியாழனன்று வலது கை—

முடிவு இரண்டு: எங்கு பார்த்தாலும் நீலம்.

மூன்றாவது ஒன்று எழுதினேன், நடந்தபடியே. கிழித்துவிட்டேன். உயிர் என்று சொன்னால், அப்படியானால் சம்பந்திக்குத் திறக்கலாம்போல என்பீர்கள். நீலம் என்று சொன்னால், கிழவனை வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லி நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

டாக்டரம்மா குனிந்தே இருக்கிறார். நிமிரும்போது அவர் முகம் எப்படி என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் திறந்ததையும் எழுதுங்கள், சம்பந்தியின் தொப்பியையும் எழுதுங்கள். ஆனால் யாரும் கேட்பதற்கு முன்பே நான் போய்ச் சொன்னேன். அந்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.