நிற்கிற வேலை

கண்காட்சி மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. மிகப் பழைய காகிதம், வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். காவலுக்கு நின்ற சச்சிதானந்தன் உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினார்.

சுவர் முழுக்க யப்பானிய மரஅச்சுப் படங்கள். ஏதோ ஒரு காலத்து நெடுஞ்சாலையில் போகிறவர்கள்: மழைக்குக் குனிந்து ஓடுகிறவர்கள், பனியில் பாலம் கடக்கிறவர்கள். பார்க்க வருகிறவர்கள் படங்களுக்கு முன்னால் நின்று தங்களுக்குள் கதைத்துவிட்டுப் போவார்கள். தொட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தவிர அவருக்கு வாய் திறக்கும் தேவை வருவதில்லை. மோர்னிங்சைட்டில் அவர் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் அறையிலும் கதைக்க ஆளில்லை. மனைவி புனிதவதி கொழும்பு லொட்ஜ் ஒன்றில், அவர் ஸ்பொன்சர் செய்து தன்னைக் கூப்பிடக் காத்திருந்தாள்.

ஆட்கள் இல்லாதபோது அவர் ஒரு படத்தின் முன்னால் போய் நிற்பார். அதில் சுமைகாரர் இருவர் பல்லக்கை இறக்கிவிட்டு மரத்தடியில் குந்தியிருந்தார்கள். ஒருவன் புகை பிடித்தான். மற்றவன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சச்சிதானந்தனுக்குப் பின்னேரமானால் கால் வீங்கிச் சப்பாத்து இறுகிவிடும். வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டும் செலீன்தான் அதைக் கண்டு கேட்டாள்.

"அண்ணை, டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கிக் குடுங்கோவன். இருக்க ஒரு ஸ்டூல்தானே கேக்கிறியள்."

"கேட்டா வேலைக்குப் பிழை வராதோ?"

"உதுக்கு என்ன பிழை? காலைப் பாருங்கோ."

துண்டைச் செக்கியூரிட்டிக் கொம்பனியின் சுப்பவைசர் அருள்நாயகத்திடம் கொடுத்தார். தமிழ்ப் பிள்ளைதானே என்று மனதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு கிழமை கழித்து அவன் வந்து அவரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, இந்தக் கண்காட்சி முடிய உங்களை வேற இடத்தில போடேலாதாம்."

"ஏன் தம்பி?"

"நிக்கக் கூடாதெண்டு டொக்டரே எழுதியிருக்கிறார். எங்களிட்டை இருக்கிறது எல்லாம் நிக்கிற வேலைதானே."

"நான் நிக்கமாட்டனெண்டு சொல்லேல்லையே. வேலை இல்லாட்டி மனுசியின்ர ஸ்பொன்சர் என்னாகும்? அந்தத் துண்டைத் திருப்பித் தாரும், கிழிச்சுப் போடுறன்."

"ஒஃபீசில குடுத்திட்டன் அண்ணை." அருள்நாயகம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் சொல்லிப் பார்த்தனான்."

படங்களை இறக்கிய நாள்தான் அவருக்குக் கடைசி நாள். பார்வையாளர் எவருமில்லை. கையுறை போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் ஏந்தி, மெல்லிய காகிதம் வைத்து, பெட்டிக்குள் கிடத்தினாள். இத்தனை நாளும் அவரோடு கதைக்காதவள், அன்றைக்கு வேலை முடிகிற சந்தோசத்தில் சிரித்தாள்.

மூன்று மாதம் வெளிச்சத்தில் தொங்கியதே இவற்றுக்கு அதிகம், பாவம், களைத்துப் போயிருக்கும் என்றாள். இனி ஐந்து வருசத்துக்கு வெளியே எடுக்கமாட்டோம், இருட்டில் கிடந்து ஓய்வெடுக்கட்டும் என்றாள்.

"யேஸ், மிஸ்," என்றார் சச்சிதானந்தன்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். லிஃப்ட் வரத் தாமதமானது. அதுவரைக்கும் மண்டபக் கதவைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். அவர் பாரமான கதவை முதுகால் தள்ளிப் பிடித்தபடி நின்றார். வண்டியில், பெட்டிகளுக்கு அடியில், சுருக்கம் இல்லாத சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை ஒன்று மெத்தென்று விரித்திருந்தது.